குர்சுரா ஓடாமல் கிடந்த ஆண்டுகளையும் எழுதி வையுங்கள்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்தைப் பராமரிப்போருக்கு,

வணக்கம். 1969 டிசம்பரில் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ரீகாவில் பணியேற்பு, 2001-இல் ஓய்வு, மொத்தம் 73,500 கடல் மைல். குர்சுராவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. எழுபதுகளில் அது ஓடாமல் கிடந்ததையும், ஏன் கிடந்தது என்பதையும் வருகிறவர்கள் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டுகிறோம்.

1971 போருக்கு முன்பே அரபிக் கடலில் ரோந்து போன கப்பல் அது. இலக்கு இன்னதென்று உறுதியாகாமல் டார்பிடோ விடக்கூடாது என்பது அதற்கிருந்த கட்டளை. அப்படிப்பட்ட கப்பலின் உதிரிபாகங்களைத்தான் பிறகு கழற்றி, ஃபாக்ஸ்ட்ராட் என்ற அதே சோவியத் வகையின் மற்ற நீர்மூழ்கிகளுக்குப் பொருத்தினார்கள். பெரிய மறுசீரமைப்புகள் இழுத்துக்கொண்டே போனதுதான் காரணம். 1980-இல் இதற்கும் மறுசீரமைப்பு தொடங்கியது. 1985-இல் மறுபடி பணிக்கு வந்தது. இதில் மறைக்க எதுவுமில்லை. கழற்றிப்போட்ட கப்பலை மீண்டும் மூழ்கவைத்தது பெரிய வேலை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

எவ்வளவு பெரிய வேலை என்பது பேட்டரி அறையைக் காட்டி விளக்கினால் புரியும். 112 செல்கள் கொண்ட நான்கு தொகுதிகள், ஆக 448 ஈய-அமில செல்கள். தொகுதிக்குள் எல்லாம் தொடர் இணைப்பு. ஒரு செல் தளர்ந்தால், மற்றவை மின்னைத் தள்ளும்போது அதன் முனைகள் தலைகீழாகிச் சூடேறும். அதை இணைப்பிலிருந்து விலக்கியாக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளந்து குறித்து வருவார்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும் என்பதால் காற்றோட்ட விசிறி நிற்கக்கூடாது. கடல்நீர் கசிந்து அமிலத்தில் கலந்தால் குளோரின் வாயு வரும்.

சார்ஜ் ஏற்ற டீசல் எஞ்சின் ஓட வேண்டும், எஞ்சினுக்குக் காற்று வேண்டும். பெரிஸ்கோப் மட்டும் நீருக்கு மேலே எட்டும் ஆழத்தில், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் ஸ்நார்ட் குழாயை உயர்த்தி ஓடும்போது அலை மேலேறினால் அதன் தலை வால்வு மூடிக்கொள்ளும். எஞ்சினோ கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். அழுத்தம் சட்டென்று விழுந்து காது வலிக்கும். எஞ்சினை உடனே நிறுத்தத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எஞ்சின் அறையில் ஒரு பலகை, பேட்டரி அறைக்கு மேலே ஒரு பலகை, நுழைவாயிலில் 1985 உட்பட முழு ஆண்டுவரிசை. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தால் போதும்.