வடலிக்கு ஒரு பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த பனை விதை நடவுப் படத்தைப் பார்த்தேன். கண்மாய்க் கரையில் வரிசையாகப் பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு பனங்கொட்டை, பின்னால் பதாகை. இதே மாதிரி ஒரு படத்தில் 2017-இல் நானும் நின்றிருக்கிறேன். அதனால் குறை சொல்வதற்காக எழுதவில்லை. படம் எடுத்தவர்கள் போன பிறகு கரையில் என்னென்ன நடக்கும் என்று எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதையும், வடலி என்கிற இளம் பனைகளுக்கு ஊராட்சிதோறும் ஒரு பதிவேடு ஏன் வேண்டும் என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. எங்கள் கண்மாயில் அந்த வருடம் மடை திறக்கவே வேலையில்லை. அப்போதுதான் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வரும் மழைக்காவது கரையைக் கெட்டிப்படுத்தி வைப்போம் என்று புறப்பட்டோம். பழம் விழுகிற தோப்புகளில் கொட்டை பொறுக்கி, கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை ஊன்றினோம். சுமார் அறுநூறு கொட்டை இருக்கும்.

பனை மற்ற மரங்களைப் போல மேலே முளைத்துக் காட்டாது. கொட்டையிலிருந்து முளை நேராகக் கீழே இறங்கும். மண்ணுக்குள்ளே கிழங்கு திரளும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரே ஒரு ஓலை எழும்பும். அதுவும் விசிறியாக விரிந்திருக்காது, கோரைப்புல்லைப் போல ஒற்றைத் தாளாக நீட்டிக்கொண்டு நிற்கும். தெரியாதவர்கள் அதைப் புல் என்றுதான் சொல்வார்கள். எங்கள் தொல்லையெல்லாம் இந்த ஓலையில்தான் ஆரம்பித்தது.

சரியாகச் சொன்னால் அதற்கும் முன்பே. முதல் பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது கரைக்குப் போனால், வரிசையாகக் குழிகள். யாரோ கிழங்கு பிடுங்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு மேல் போயிற்று. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பனங்கிழங்குக்கென்று பாத்தி போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். பிடுங்கியவர் இதையும் ஒரு நீளப் பாத்தி என்று நினைத்திருப்பார். பத்தடிக்கு ஒன்றாக யார் பாத்தி போடுவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் விட்டுப்போன இடங்களில் மறுபடி ஊன்றினோம்.

2019 கோடையில் கண்மாய் தூர்வார ஜேசிபி வந்தது. அள்ளிய மண்ணைக் கரையில் போட்டு அகலப்படுத்தினார்கள். நல்ல வேலைதான், நாங்களே பல வருடம் கேட்டது. ஆனால் மூன்று நாளில் ஒரு வரிசை முழுக்க மண்ணுக்கு அடியில் போய்விட்டது. ஓடிப்போய் நிறுத்தச் சொன்னபோது, வண்டி ஓட்டிய தம்பி இறங்கி வந்து பார்த்தார். ஒரு ஓலையை இரண்டு விரலால் நீவிவிட்டு, "கோரைன்னு நெனச்சேண்ணே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த காகிதத்தில் கரையின் நீளம் இருந்தது, உயரம் இருந்தது, எத்தனை கன மீட்டர் மண் என்று இருந்தது. அந்தக் கரையில் வடலி இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

பிறகு தீ. வெயில் காலத்தில் கரைப்புல்லுக்குத் தீ வைப்பது ஒரு கெட்ட பழக்கம். சீமைக்கருவேலை வெட்டிக் கரி மூட்டம் போடும் இடத்திலிருந்தும் நெருப்பு பரவும். குருத்து மண்ணுக்குள் இருப்பதால் ஒரு முறை கருகினாலும் வடலி திரும்பத் தழைக்கிறது, இதைக் கண்ணால் பார்த்தேன். வருடாவருடம் கருகினால் தாங்குவதில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு இந்த மரத்தைப் பிடித்துத் தொங்குவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இழவு விசாரிக்க அந்தப் பக்கம் போன நான், சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே பனைகள் மட்டைகூடக் கலையாமல் நின்றதைப் பார்த்தேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்களைப் போன்ற வறண்ட பக்கத்துக்கு அது ஒரு வருட மழையைவிட அதிகம். அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. பனை நின்றால் கரை உடையவே உடையாது என்று நான் சொல்ல மாட்டேன். மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு அடைபட்டுக் கிடந்தால் எந்த மரமும் காப்பாற்றாது. ஆனால் பனையின் வேர் தலைமுடி போலக் கொத்தாக ஆழ இறங்கி மண்ணைப் பிடிக்கும். பெய்தால் கொட்டுவது, இல்லையென்றால் காய்வது என்று மழை மாறிப்போன காலத்தில், தண்ணீரே ஊற்றாமல் வளர்கிற வேறு எந்த மரத்தைக் கரையில் வைப்பது?

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. பனை 1978 முதல் மாநில மரம். 2021-இல் வேளாண்மைக்கென்று முதல் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 2023-இல் 14 கடலோர மாவட்டங்களில், 1,076 கிலோமீட்டர் கடற்கரைக்கு ஒரு கோடி விதை என்று இயக்கமே நடந்தது. சூளைக்குப் பனை ஏற்றிப்போகும் லாரிகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்த எனக்கு இதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் அறிவிப்புகளில் இரண்டுக்குத்தான் எண்ணிக்கை இருக்கிறது. ஒன்று விதை, இன்னொன்று வளர்ந்த மரம். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து வருடத்துக்குக் கணக்கே இல்லை. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கக் கொடுக்கும் 2சி பட்டா கிராமக் கணக்கில் உண்டு. வடலிக்கு அதில் ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

பனையேறிகள் தொழில் செய்த காலத்தில் இந்தப் பதிவேடு தேவைப்படவில்லை. எந்த மரம் எப்போது பாளை விடும் என்று அவர்களுக்கு மனப்பாடம், வடலியை மிதிக்க விடமாட்டார்கள். தொழில் ஏன் நின்றது என்று ஆரம்பித்தால் பேச்சு கள்ளுக்குப் போய்விடும், அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் காகிதமாவது இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

ஊராட்சிதோறும் வடலிக்கு ஒரு பதிவேடு வேண்டும். எந்தக் கரை, எத்தனை, எந்த வருடம் ஊன்றியது, இவ்வளவு போதும். தூர்வாரும் வேலையோ சாலை வேலையோ வந்தால், மதிப்பீடு போடும் முன்பு அந்தப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். வண்டி இறங்கும் முன்பு உள்ளூர் ஆள் ஒருவர் சுண்ணாம்பு அடித்த கல்லை வடலி ஓரம் நட்டுக் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவும் கிடையாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைக் கேட்டோம். தீர்மானப் புத்தகத்தில் "மரம் வளர்த்தல்" என்று இரண்டே வார்த்தையாக ஏறியது. அக்டோபர் 2 அன்று மறுபடி கேட்கப்போகிறோம். பக்கத்து ஐந்தாறு ஊர்க்காரர்களும் அவரவர் கிராம சபையில் இதே மனுவைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நடுகிற அன்று நிருபரை அனுப்புகிறீர்கள், மகிழ்ச்சி. அதே நிருபரை அதே கரைக்கு மூன்றாம் வருடம் ஒரு முறை அனுப்புங்கள். பத்திரிகையில் திரும்பப் படம் வரும் என்று தெரிந்தால், கரையில் கை வைக்கும் முன்பு யாரும் ஒரு தடவை யோசிப்பார்கள். "தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். எங்களுக்குப் பார்க்கும் ஆசைதான்.

நேற்றுச் சாயங்காலம் போய் எண்ணினோம். எண்பத்து மூன்று நிற்கின்றன. பெரியது என் கழுத்து உயரம், ஓலை விசிறியாகிவிட்டது, மட்டை ஓரத்துக் கருக்கு கையைக் கிழிக்கிறது. ஆண்பனையா பெண்பனையா என்று தெரியப் பாளை விடும்வரை காத்திருக்க வேண்டும். சின்னது இன்னும் கோரை மாதிரியேதான் இருக்கிறது. நிருபர் வருவதானால் காலையில் வரச் சொல்லுங்கள். மாலையில் வெயில் எதிரே அடிக்கும், படம் சரியாக விழாது.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.