இரண்டு நிமிடத் தீர்ப்பை மாற்றுங்கள்: காரைக்குடி இசை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாலை நம் கூட்டத்தில் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் பதினைந்து ஸ்டுடியோ ஆல்பங்களையும் கடைசியிலிருந்து முதல் இடம் வரை வரிசைப்படுத்தி முடித்தோம். கரும்பலகையில் இருந்த பட்டியலை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரமாகியும் மனம் ஆறவில்லை. 1975-இல் வெளிவந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஒன்பதாம் இடத்தில் இருக்கிறது.

உங்கள் ரசனையை நான் குறை சொல்லவில்லை. நாம் வைத்துக்கொண்ட விதிதான் தவறு. ஒவ்வொரு தட்டிலும் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் கேட்பது, உடனே கை தூக்குவது என்று முடிவு செய்தோம். 'விஷ் யூ வேர் ஹியர்' தட்டின் முதல் பாட்டு பதின்மூன்றரை நிமிடம் ஓடுகிறது. ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு மார்கழிப் பனிபோல் இறங்கிப் பரவுவதற்கே நம் இரண்டு நிமிடம் சரியாகப் போய்விட்டது. டேவிட் கில்மரின் கிட்டாரில் அந்தப் புகழ்பெற்ற நான்கு சுரங்கள் ஒலிக்க ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். மனிதக் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆலாபனையின் முதல் மூச்சிலேயே பாடகரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு அவருக்கு யாராவது மதிப்பெண் போடுவார்களா?

அந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. அது சிட் பேரட்டைப் பற்றிய பாட்டு. 1967-இல் வந்த குழுவின் முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் அவர். மனநிலை குலைந்து 1968-இல் குழுவை விட்டுப் போனார். 1975 ஜூனில், லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, உடல் பருத்து, தலைமுடியும் புருவமும் மழித்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். குழுவின் நால்வருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. வந்தவர் பேரட்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில்தான் இந்தத் தட்டை முதலில் கேட்டேன். அம்மான் பினாங்கிலிருந்து டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. அட்டையில் இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள். ஒருவர் உடம்பில் தீ எரிகிறது. ஆயா, எங்கள் பாட்டி, அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எரிகிறவனை அணைக்க ஒருவருமா இல்லை?" என்று கேட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் தலைப்புப் பாட்டு, யாரோ வானொலியில் நிலையம் மாற்றுவதுபோலத் தொடங்கும். ஆயா எழுந்துபோய் மாடத்தில் இருந்த எங்கள் ரேடியோவை அணைக்கப் பார்த்தார்கள். வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாக அறைகள். அவற்றில் பாதி அன்றே பூட்டிக் கிடந்தன. கடல்கடந்து கொண்டுவிற்கப் போனவர்கள் விட்டுப்போன பூட்டுகள். இல்லாத ஒருவரை நினைத்துப் பாடும் பாட்டு அந்தக் கதவுகளுக்கு முன்னால் எப்படிக் கேட்டது என்பதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான்.

இரண்டாவதாக 'அனிமல்ஸ்' (1977). இதற்கும் அதே அநீதி நடந்தது. அதன் தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம்கூட வராத ஒரு சின்னப் பாட்டு இருக்கிறது. உயிரெல்லாம் நாய்கள், பன்றிகள், செம்மறிகள் பற்றிய மூன்று நீண்ட பாடல்களில்தான். நாம் கேட்டது வாசற்படியை மட்டும். 'மெடில்' (1971) தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். அதில் ஒரு நொடிகூட நம் காதில் விழவில்லை.

நீங்கள் முதலிடம் தந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973) எனக்கு மூன்றாவது. அதன்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. அதில் வரும் கடிகார ஓசைகளை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடை ஒன்றில் தனித்தனியாகப் பதிவு செய்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும்.

கடைசி இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'தி எண்ட்லெஸ் ரிவர்' (2014) ஆல்பத்தை அடியில் வைத்தீர்கள். 1993, 1994-இல் பதிவாகி மிஞ்சிக் கிடந்த இசையிலிருந்து அதை உருவாக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதில் 2008-இல் மறைந்த ரைட்டின் விரல்கள் இருக்கின்றன. எஞ்சிய இருவர் அவருக்குச் சொன்ன விடை அது. அடியில் இருக்க வேண்டியது 'எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' (1987). ரோஜர் வாட்டர்ஸ் குழுவை விட்டுப் போய்விட்டார். ரைட் நடுவில் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார். நிக் மேசனின் டிரம்ஸைக்கூடப் பல இடங்களில் வேறு கலைஞர்கள் வாசித்தார்கள். பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. கரும்பலகைப் பட்டியலை அழித்துவிடுவோம். வாரம் ஓர் ஆல்பம், தொடக்கம் முதல் முடிவு வரை, இடையில் பேச்சில்லாமல் கேட்போம். எல்லாம் கேட்டபிறகு கை தூக்குவோம். ஆவணியில் தொடங்கினால் மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்குள் முடித்துவிடலாம். இடம் எங்கள் வீட்டு வளவு. பிளேயருக்குப் புது ஊசி போட்டாயிற்று. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் நான்கு மணிக்குள் வந்துவிடுங்கள். முதல் வாரம் 'அனிமல்ஸ்'.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
கானாடுகாத்தான்