பின்னாடி தெரிஞ்ச செவரு

தம்பி,

நேத்து நீ சொன்னதுல இருந்து எனக்கு தூக்கமே இல்லடா. 23 நாளா தங்க எடமில்லாம ஃப்ரெண்டுங்க எடத்துல மாறி மாறி படுத்திருக்க. வீடியோ கால்ல வரும்போதெல்லாம் உனக்குப் பின்னாடி வேற வேற செவரா தெரிஞ்சது, ஒரு நாள் பச்ச பெயின்ட், ஒரு நாள் யாரோட போஸ்டரோ, ஒரு நாள் லைப்ரரி ஷெல்ஃபு, கேட்டப்பல்லாம் ஃப்ரெண்டு ரூம்ல படிக்கிறேன்மான்னு சொன்ன, நானும் நம்பிட்டேன். பெத்தவளுக்கு அது தோணலயேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

"தெருவுலயா படுத்தேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்மா"ன்னு சொன்னியே, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல. இன்னிக்கு ராத்திரி எங்க படுக்கிறதுன்னு சாயங்காலம் வரைக்கும் தெரியலன்னா அவனுக்கு வீடு இல்லன்னுதான்டா அர்த்தம். அமெரிக்காவுல மெக்கின்னி-வென்டோன்னு ஒரு சட்டம், ஸ்கூல் பிள்ளைங்களுக்கானது, வீடு போயி அடுத்தவங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கிற பிள்ளையையும் வீடில்லாத பிள்ளைன்னுதான் அதுல கணக்கு. கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, 12 மாசத்துல ஒரு தடவையாச்சும் வீடில்லாம இருந்தேன்னு சொன்ன ஸ்டூடன்ட்ஸ் 10.9 சதவீதம். பத்துல ஒருத்தருக்கு மேல! அவங்களும் உன்ன மாதிரி தலை சீவிட்டு வந்து கிளாஸ்ல உக்காந்திருப்பாங்க, பக்கத்து சீட்டுக்காரனுக்குக்கூட தெரிஞ்சிருக்காது.

நீ என்னமோ உன் தப்பு மாதிரி தலைய குனிஞ்சுக்கிட்டே பேசுற. ஹாஸ்டல லீவுக்கு மூடுறாங்க, வெளிய ரூம் பாத்தா அட்வான்ஸும் மொத மாச வாடகையும் ஒரே நாள்ல கட்டணும், ஸ்காலர்ஷிப் பணமோ கிளாஸ் ஆரம்பிச்சு வாரக்கணக்கானப்புறம்தான் வருது, அக்ரிமென்ட்ல ஜாமீன் கையெழுத்துக்கு வேற ஆள் கேக்குறாங்க, இதுல நீ என்ன தப்பு பண்ண சொல்லு.

எனக்கு ரொம்ப வலிச்சது நீ குளிக்கிறதப் பத்தி சொன்னதுதான். ஃப்ரெண்டு வீட்டுல எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் போடாம குளிச்சிட்டு, நனஞ்ச துண்ட பைக்குள்ளயே திணிச்சு, நாள் பூரா அந்தப் பைய தூக்கிக்கிட்டே அலைஞ்சேன்ன. கலிஃபோர்னியாவுல 2016லயே சட்டம் போட்டாங்க, ஷவர் இருக்கிற கம்யூனிட்டி காலேஜெல்லாம் வீடில்லாத ஸ்டூடன்ட்ஸ குளிக்க விடணும்னு. சட்டமே போடுற அளவுக்கு இது நெறைய பேருக்கு நடக்குதுப்பா. அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸ்ல யுசிஎல்ஏ யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸே சேந்து வீடில்லாத ஸ்டூடன்ட்ஸ் ராத்திரி தங்க ஒரு ஷெல்டர் ஆரம்பிச்சாங்க. உன் வயசுப் பிள்ளைங்கதான்.

அதனால நாளைக்கு காலையில மொத வேலையா காலேஜ்ல ஸ்டூடன்ட்ஸ் விஷயம் பாக்குற ஆஃபீஸுக்குப் போ. அட்ஜஸ்ட் பண்றேன், கொஞ்சம் கஷ்டம்னு இழுக்காத. தங்க எடம் இல்ல, 23 நாளா இல்லன்னு அப்படியே சொல்லு, எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கா, லீவுல தொறந்திருக்கிற ரூம் இருக்கான்னு கேளு. பரீட்சை தள்ளி வைக்கணும்னா வாத்தியார்ட்டயும் சொல்லிடு, தூங்காதவனுக்கு என்ன படிப்பு ஏறும். பணத்துக்கு நானும் அப்பாவும் பாத்துக்கிறோம், கொறஞ்சா கடன் வாங்குவோம், அத நீ யோசிக்காத.

ராத்திரி கால் பண்ணும்போது கேமராவ திருப்பி நீ படுக்கிற எடத்த காட்டு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னு பாக்கணும்.

அம்மா