தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

2022-இல் என் வீட்டுக்காரருக்கு பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. அதற்குச் சில மாதம் முன்னால்தான் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்திருந்தது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு பைசா வாங்கவில்லை, ஆள் உயிரோடு கிடைத்தார், அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று கையில் தந்தது மாத்திரைச் சீட்டு மட்டும்தான். இனி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

நடக்கிறார், பேசுகிறார், பார்க்கிறவர்கள் 'நல்லாத்தானே இருக்காரு' என்கிறார்கள். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வதும், மதியம் மூன்று மணிக்கு மேல் எரிந்து விழுவதும் எங்களுக்குத்தான் தெரியும். திமிர் என்று நினைத்து நானும் சண்டை போட்டிருக்கிறேன். மூளை களைத்துப்போனால் அது கோபமாக வரும் என்று பிசியோதெரபிக்கு வந்த பெண் சொல்லித்தான் புரிந்தது. இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கிறார், ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம், விடியற்காலையில் ஏரிக்கரையில் நடை. இதிலேயே பாதிச் சண்டை நின்றது.

மோப்பமும் போய்விட்டது. ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருக்க, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் நினைத்தால் கை நடுங்குகிறது.

'ஒரு பீர்தானே' என்று கூப்பிட வரும் நண்பர்களே, அடிபட்ட மூளை முன்பு மாதிரி குடியைத் தாங்காது, வலிப்பு வரும் ஆபத்து கூடும், தயவுசெய்து கூப்பிடாதீர்கள். வலிப்பு மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சரியாகிவிட்டது என்று நாங்களே நிறுத்தி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் எங்கள் தெருவுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறார்கள். தலைக்காயம் பட்டவர்களையும் அவர்கள் பட்டியலில் சேர்த்து, தூக்கம், மறதி, கோபம் பற்றி வீட்டாரிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, தலைக்காயம் தனி வகையாக இல்லை, எந்தப் பிரிவில் சான்றிதழ் கேட்பது என்றே தெரியாமல் அலைகிறோம். அதற்கும் ஒரு வழி வேண்டும். இதெல்லாம் நடக்க நாளாகும் என்றால், சரி, டிஸ்சார்ஜ் அன்று தமிழில் ஒரே ஒரு பக்கமாவது எழுதி வீட்டாரிடம் கொடுங்கள்.

– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்