நடனத்தை அமைத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பாலே நடனத்தைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் அரிதாகவே எழுதப்படும் ஒரு கலைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவே இருந்த பெரிய படம் லண்டன் ராயல் பாலே குழுவின் ‘ஃபிளைட் பேட்டர்ன்’ என்ற படைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் படக்குறிப்பில் அரங்கின் பெயர், குழுவின் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் இருக்க, அந்தப் படைப்பை உருவாக்கிய கிறிஸ்டல் பைட்டின் பெயர் மட்டும் இல்லை. கட்டுரைக்குள் ஓரிடத்தில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கும் ‘நடனமணி’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் அதில் ஆடவில்லை, அதை அமைத்தவர். அரங்கேற்ற அழைப்பிதழில் குருவின் பெயரை விட்டுவிட்டால் நம் ஊரில் யாராவது பொறுப்பார்களா?

அந்தப் படைப்பைக் காணொளியில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாம்பல் நிற மேலங்கி அணிந்த 36 பேர் வரிசையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரு தோள் சாய்கிறது. அந்தச் சாய்வு அடுத்தவர் உடலுக்குப் போய், அவரிடமிருந்து அதற்கடுத்தவருக்குப் போய், வரிசை முழுவதும் ஓர் அலையாக ஓடி முடிகிறது. பின்னணியில் போலந்து இசைமேதை குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியின் முதல் பகுதி ஒலிக்கிறது. அதிலும் அடிச்சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திக் கருவிகள் தொடங்கும் ஒரே மெட்டை மற்றத் தந்திக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுக்கொள்கின்றன. இசையில் நடப்பதையே பைட் உடல்களில் நடத்திக் காட்டுகிறார். அகதிகளைப் பற்றிய படைப்பு இது. கழற்றிய மேலங்கி ஒருவர் கையில் குழந்தையாக மாறுகிறது. பிறகு ஒவ்வொருவரும் தத்தம் மேலங்கியை ஒரே பெண்ணின் கைகளில் போட்டுவிட்டுப் போக, அவர் அந்தச் சுமைக்குள் புதைந்து நிற்கிறார். இத்தனைக்கும் நடுவே, கைதட்டல் வாங்குவதற்கென்றே எவரும் தாவிப் பறப்பதோ பம்பரமாய்ச் சுழல்வதோ இல்லை. இதைத் திட்டமிட்ட மூளை யாருடையது என்பதைத்தானே வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டும்?

பைட் 1970-இல் கனடாவின் மேற்கு மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்தவர். 1988-இல் அங்குள்ள பாலே குழுவில் ஆடச் சேர்ந்து, 1990-இல் அதே குழுவுக்குத் தம் முதல் படைப்பை அமைத்தார். 1996-இல் ஜெர்மனிக்குப் போய் நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத் நடத்திய ஃபிராங்க்ஃபர்ட் பாலேயில் சேர்ந்ததுதான் அவருக்குப் பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். ஏனெனில் ஃபோர்சைத் தம் கலைஞர்களைச் சொன்னதை ஆடுகிறவர்களாக மட்டும் வைத்திருக்காமல், அசைவுகளைத் தாங்களே கண்டுபிடிக்கப் பழக்கியவர். 2001-இல் நாடு திரும்பிய பைட், மறு ஆண்டு வான்கூவரில் ‘கிட் பிவட்’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

பிரிட்டனின் பெருமைமிக்க மேடைக்கலை விருதான ஆலிவியர் விருது அவருக்கு முதன்முதலில் கிடைத்தது 2015-இல், அதாவது முதல் படைப்புக்குக் கால் நூற்றாண்டு கழித்து. அதன் பிறகு நடிகர் ஜொனதன் யங்குடன் சேர்ந்து உருவாக்கிய ‘பெட்ரோஃபன்ஹைட்’ 2017-இலும், ‘ஃபிளைட் பேட்டர்ன்’ 2018-இலும், ‘ரிவைசர்’ 2022-இலும், ‘அசெம்ப்ளி ஹால்’ 2025-இலும் சிறந்த புதிய நடனப் படைப்புக்கான ஆலிவியர் விருதைப் பெற்றன. தங்கள் கட்டுரை அவருடையதைத் ‘திடீர்ப் புகழ்’ என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு செய்தியும் உண்டு. ராயல் பாலேயின் முதன்மை அரங்குக்காக ஒரு பெண் புதிய படைப்பை அமைத்தது, 1999-இல் நடன அமைப்பாளர் ஷிவோன் டேவிஸுக்குப் பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 2017-இல் பைட்டின் ‘ஃபிளைட் பேட்டர்ன்’ வழியாகத்தான். மேடையில் பெண்களே கண்ணில் படும் கலையில், மேடைக்குப் பின்னால் நிலைமை இப்படி. நடனத்தை அமைத்தவர் பெயரை விட்டுவிடும்போது இந்தக் கதையும் சேர்ந்தே விடுபட்டுப் போகிறது.

பாலேயைத் தங்கள் கட்டுரை ‘இருநூறு ஆண்டுகளாக மாறாத மரபு’ என்று சொன்ன வரியையும் ஏற்க முடியவில்லை. 1841-இல் பாரிஸில் அரங்கேறிய ‘ஜிசெல்’ என்ற பாலேயின் கதையை, வங்கதேசப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து பிரதாப் பவாரிடம் கதக் கற்ற நடன அமைப்பாளர் அக்ரம் கான், 2016-இல் இங்கிலீஷ் நேஷனல் பாலேவுக்காக முற்றிலும் புதிதாக அமைத்தார். பழைய ‘ஜிசெல்’லில் வரும் திராட்சை அறுவடைக் கிராமம் அதில் இல்லை. மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையும், பிழைக்க வந்த தொழிலாளர்களை அடைத்து நிற்கும் பெரிய சுவரும் இருக்கின்றன. இரண்டாம் பாதியில் வரும் ஆவிகள் அந்த ஆலையில் மாண்ட பெண்கள்; பாலே முறைப்படி கால்நுனியில் நின்றபடி கையில் கழிகளோடு வருகிறார்கள். கதக்கில் வேரூன்றிய ஒருவர் கையில் பாலே இப்படி ஆனதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல, இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது.

‘நடன அமைப்பாளர்’ என்றோ, திரைப்படத்தால் பழகிப்போன ‘நடன இயக்குநர்’ என்றோ, எது வேண்டுமானாலும் எழுதுங்கள். ‘நடனமணி’ மட்டும் வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் படக்குறிப்புக்கு ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.