தேரிக்காட்டுச் சாலை முனையில் ஒரு பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயில் போவது நெல்லைச் சீமைக்காரர்களுக்கு விட முடியாத வழக்கம். சென்னை, கோவை, மும்பை என்று எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். எங்களுக்குத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார். 1986ல் மாவட்டம் பிரிந்து அந்தப் பக்கம் தூத்துக்குடியோடு போய்விட்டது, அதற்காகச் சாமி மாறுமா, பாளையங்கோட்டையில் இருந்து வருஷம் தவறாமல் போகிறோம். இந்த வருஷம் திரும்பும்போது எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதியம் ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். சாத்தான்குளத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும், செல்போன் மேப் குறுக்கே ஒரு வழி காட்டியது. தொடக்கத்தில் நல்ல தார்ச்சாலைதான். மூன்று நான்கு கிலோமீட்டர் போனதும் தேரி, அதாவது செம்மணல் மேட்டுக் காடு; பனை, கொல்லாமரம், உடைமரம், வேறு ஒன்றுமில்லை. ஒரு வளைவில் தேரி மணல் காற்றில் வந்து சாலையை முழுசாக மூடிக் கிடந்தது. ஆழம் தெரியாமல் ஏற்றிவிட்டேன், முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன், உள்ளே என் அம்மாவும் பிள்ளைகளும் இருந்ததால் ஏசியையும் நிறுத்தவில்லை. வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடினால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது, பங்குனி வெயிலில் ஃபேன் மட்டும் எவ்வளவு தாங்கும்? கொஞ்ச நேரத்திலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், பானட்டில் இருந்து ஆவி கிளம்பிவிட்டது.

போனில் சிக்னல் இல்லை. ஒரு மணல் மேட்டில் ஏறினால் ஒரு கோடு வந்தது. நான்குவழிச் சாலையில் நின்றிருந்தால் 1033க்கு அடிக்கலாம், அது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான். இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் எடுத்தார். எந்த இடம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத்தான் கேட்டார். கிலோமீட்டர் கல் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, கடை இல்லை. நான் என்ன சொல்வது, பனைமரம் இருக்கிறது என்றா? பேசும்போதே லைன் போய்விட்டது. காரில் இருந்தது இரண்டு பாட்டில் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றுவதா, 76 வயது அம்மாவுக்குக் கொடுப்பதா என்று யோசித்த அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, சாயங்காலப் பனைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் டிவிஎஸ் 50ல் வந்தார். நான் ரேடியேட்டர் மூடியில் கை வைத்ததைப் பார்த்ததும் கத்திவிட்டார். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் நிற்கிறது, சூட்டோடு திறந்தால் முகத்திலேயே அடிக்கும். "ஆச்சிக்கு முதல்ல தண்ணி குடுங்க அண்ணாச்சி, வண்டி தானா ஆறும். இனி ரேஸ் பண்ணாதீய, பண்ணப் பண்ண உள்ளதான் எறங்கும்" என்றார். முன் டயர்களில் காற்றைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி இறக்கினார். காற்று குறைந்தால் டயர் அகலமாக மணலில் உட்காரும், புதையாது. அப்புறம் சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டார். இன்ஜின் ஆறியதும் தன் கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்கச் சொல்லிப் பின்னால் இருந்து தள்ளினார். வண்டி வெளியே வந்துவிட்டது. "உத்திரத்துக்கு உத்திரம் நாலஞ்சு வண்டி இங்கன மாட்டுது" என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அப்படியென்றால் இது தெரிந்த இடம்தானே?

என் தங்கச்சி மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அடிலெய்டில் இருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை ஒருமுறை கார் ஓட்டிப் போனவன். கிளென்டாம்போ தாண்டினால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடைக்காது, அதைக் கிளம்பும் இடத்திலேயே எச்சரித்துவிடுவார்கள் என்பான். அது எவ்வளவு பெரிய பாலைவனம். நம் தேரி அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி மண், அதற்கு ஒரு பலகை வைக்க முடியாதா?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தேரிக்குள் போகும் சாலை பிரிகிற முனையில் "முன்னால் மணல், சிக்னல் கிடையாது" என்று ஒரு பலகை. உள்ளே அரை கிலோமீட்டருக்கு ஒரு கல், அதில் பெரிய எழுத்தில் ஒரு நம்பர், 112க்கோ 108க்கோ அடிக்கிறவர் அந்த நம்பரைச் சொன்னால் போதும். திருவிழாவுக்கு முந்தின நாள் ஜேசிபி விட்டு மணலை ஒருமுறை தள்ளிவிட வேண்டும். பலகையும் கல்லுமாவது ஆடிக்கு முன்னால் வந்துவிட வேண்டும், ஆடிக்காற்றில் மணல் இதைவிட வேகமாகச் சாலைக்கு வரும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர்