கண் கிளினிக்கின் தமிழ்ப் பலகைகளை நிமிர்த்தி எழுதுங்கள்

மதிப்புக்குரிய வைத்தியசாலைப் பணிப்பாளர் அவர்களுக்கும், பெயர்ப்பலகைகளுக்குப் பொறுப்பான நிர்வாகப் பிரிவினருக்கும்,

வணக்கம். கண் கிளினிக் பகுதியில் புதிதாகப் போட்ட பலகைகளில் தமிழ் வரி சரிந்து, வாசிக்க முடியாமல் இருக்கிறது என்று நோயாளர்கள் ஏற்கெனவே உங்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஆகவே நேரே கேட்கிறேன். அவற்றின் தமிழ் வரியை நிமிர்ந்த எழுத்தில் மறுபடி அடித்துப் போடுங்கள்.

என் அம்மாவுக்கு நீரிழிவு. விழித்திரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு லீவு கிடைக்காததால் தனியாகவே வந்தார். அடுத்தடுத்து இரண்டு கதவுகள். ஒன்றின் மேல் 'விழித்திரை', மற்றதன் மேல் 'விழிவெண்படலம்'. இரண்டும் தடித்து, வலப்பக்கம் சரிந்து, எழுத்தோடு எழுத்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. அம்மாவுக்கு 'விழி' மட்டும் பிடிபட்டது, மிச்சமெல்லாம் ஒரே கறுப்பு. பிழையான கதவுக்கு முன்னால் வாங்கில் இருந்துவிட்டார். மத்தியானம் வரை இருந்தார். அதற்குள் அவருடைய நம்பரை மற்றக் கதவில் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். போய்க் கேட்டால், "போர்ட்டைப் பார்க்கவில்லையா?" என்றார்களாம். பார்த்தார் ஐயா. அதைப் பார்த்துத்தான் அங்கே இருந்தார். சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, "எனக்குக் கண் பார்வையே போயிட்டுது போல" என்று அழுதார். பலகையில் இருந்த குறையைத் தன் கண்ணின் குறையாக எடுத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு நானும் வந்து பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைப்பது என் தொழில். என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தவுடனே விளங்கியது. ஆங்கில வரிக்கு அழகான, தடித்த சாய்வு எழுத்துரு ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். அது அப்படியே வரையப்பட்ட எழுத்து. தமிழுக்கு அதற்குச் சோடியாக ஒன்றும் கிடைக்காததால், சாதாரண எழுத்துருவைக் கணினியில் தடிப்பாக்கி, சாய்த்து விட்டிருக்கிறார்கள். கணினிக்கு எழுத்து தெரியாது. கோட்டைச் சுற்றிலும் கொழுக்க வைக்கும், மேல்பகுதியை வலப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். கோடு கொழுத்தால் 'ண'வின் சுழிகள் அடைபடும். 'ீ'யின் சின்னச் சுழி மூடி 'ி' போல் ஆகும், 'ே' 'ெ' ஆகும். சாய்த்தால் உயரத்தில் இருக்கும் புள்ளிதான் அதிகம் நகரும். 'த்தி' என்பதில் புள்ளி எந்த எழுத்துக்குரியது என்றே தெரியாது. தமிழ் எழுத்தைப் பிரித்தறிய உதவும் சுழியும் புள்ளியும்தான் முதலில் போய்விடுகின்றன.

சாய்வெழுத்து ஆங்கிலத்துக்கு நெடுநாள் பழக்கம். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வு அச்சில் 1501இல் முழுப் புத்தகமே வந்தது. கையெழுத்தைப் பார்த்துத் தனியாக வெட்டிய அச்சு அது. நேர் எழுத்தைத் தள்ளிச் சரித்ததல்ல. தமிழிலும் அப்படிச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவனார்' கையெழுத்துச் சாயலில் சாய்ந்த எழுத்துருதான், பார்க்கவும் அழகு. கலியாணக் கார்ட்டுக்கும் சஞ்சிகைத் தலைப்புக்கும் நானே விரும்பிப் போடுவேன். ஆனால் அதைக்கூட நோயாளி தூரத்தில் நின்று வாசிக்கும் பலகைக்கு வைக்கமாட்டேன். தடிப்பாக வேண்டுமா, தடிப்பாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவம் இலவசம். ஒரு சதமும் செலவில்லை.

இது உங்கள் வைத்தியசாலையின் குறை மட்டுமல்ல. இந்தக் கொழும்பில் எத்தனை பலகைகளில் தமிழ் கடைசியாக ஒட்டப்பட்ட வரியாக இருக்கிறது! சின்னதாக, பிழையாக, மிஞ்சிய இடத்தில். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பிறகு வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் பஸ் போர்ட்டிலும் கந்தோர்ப் படிவத்திலும் எழுத்துப் பிழை பார்த்து அலுத்துப்போகிறது. தமிழில் ஏதோ ஒன்று இருந்தால் சட்டம் நிறைவேறிவிட்டது என்று நினைக்கிறார்கள். வாசிக்க முடியாத வரி யாருக்கும் அறிவிப்பு ஆகாது. சொல்லிச் சொல்லியே எங்களுக்கு வாய் வலிக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வைத்தியர்களும் தாதிமாரும் படும் பாடு எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பலகை தெளிவாக இருந்தால் வழி சொல்லும் வேலை அவர்களுக்கும் குறையும்.

ஆகவே தயவாகக் கேட்கிறேன். தமிழ் வரியை நிமிர்த்துங்கள். சிங்களம், ஆங்கிலம் இரண்டின் அளவிலேயே போடுங்கள். முழுப் பலகையையும் கழற்ற வேண்டியதில்லை, அந்த வரிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலே போதும். அடிக்க முன்னர் ஒரு தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, கிளினிக்குக்கு வந்த வயதானவர் ஒருவரை வாங்கில் இருந்தபடியே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் மாற்றுங்கள். எழுத்து அமைத்துத் தரவும் பிழை பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் சம்பளமில்லாமல் செய்து தருகிறேன். விழித்திரைக் கதவிலிருந்து தொடங்கினால் நல்லது.

நன்றியுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அச்சகத் தொழிலாளி